ஏழால் வகுபடாத செவ்வாய்

அத்தியாயம் 9

அந்தச் சுரங்கத்தில் மனிதர்கள் பொய் சொன்னார்கள். காகிதங்களும் பொய் சொல்லின. பலகை ஒன்றுதான் சரியாகப் பொய் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டது.

பலகை சுரங்கத்தின் வாசலில் இருந்தது. பச்சைப் பெயிண்ட். மேலே வெள்ளை எழுத்தில் 'விபத்தில்லா நாட்கள்'. அதன் கீழே மூன்று கொக்கிகள், கொக்கிக்கு ஒரு தகரத் தகடு. இன்றைய தகடுகள்: 4, 1, 9.

எதிர்ச் சாரியில் ஒரு தையல் கடை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் பலகையைப் பார்க்காமல் இருக்க முடியாது. தையல்காரி அதைப் பத்தொன்பது நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் செத்த நாளிலிருந்து.

"செத்தது கீழ, மூணாம் கேலரிப் பாதைக்குள்ள," என்றாள். "கம்பெனி நெஞ்சுவலின்னு எழுதிடுச்சு. முகத்தை மட்டும்தான் காட்டினாங்க. கழுத்துக்குக் கீழ முழுக்கத் துணி. நெஞ்சுவலியில போன மனுஷனுக்கு எதுக்குங்க அவ்வளவு துணி?"

கேட்டுக்கொண்டிருந்தவர் மாஜி. அவர் ஒரு காலத்தில் சுரங்க ஆய்வாளர். ராஜினாமா கொடுத்துவிட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்ததும் ஊர் அவருக்கு வைத்த பெயர் 'மாஜி'. அதே அலுவலகத்தில் இருபது வருஷம் தட்டச்சு செய்த அம்மாளும் அவரோடு வெளியே வந்துவிட்டாள். அவளுக்குப் பெயர் வைக்க ஊர் சிரமப்படவில்லை. டைப்பிஸ்ட்.

"மறுநாள் காலையில என்ன பண்ணாங்க தெரியுமா?" தையல்காரி ஜன்னலைக் காட்டினாள். "பலகையில ஒண்ணு கூட்டினாங்க. விபத்தில்லாத இன்னொரு நாள். நான் இங்க உட்கார்ந்து பார்த்தேன்."

"அவர் போனது போனதுதான்மா," என்றார் மாஜி. "எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?"

"என் தம்பிக்கு. பத்தொன்பது நாளாப் பூட்டி வச்சிருந்த கேலரியை இன்னிக்கு ரெண்டு மணி ஷிப்டுக்குத் திறக்குறாங்க. முதல் ஆளா என் தம்பி இறங்குறான். அதை நிறுத்தணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

மாஜி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று.

"நிறுத்த ஒரே வழிதான் இருக்கு. விபத்துன்னா சுரங்கம் நடத்துறவங்க உடனே போன்ல ஆய்வாளருக்குச் சொல்லணும். இருபத்து நாலு மணி நேரத்துல எழுதிக் கொடுக்கணும். அவர் வந்து பார்க்கிற வரைக்கும் அங்க ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. ஆளுக்கு அடிபடாம வெறும் கூரை விழுந்தாலும் இதே சட்டம்தான். நெஞ்சுவலிக்கு இது எதுவும் கிடையாது."

"நெஞ்சுவலிக்கு ஒரு மலர்வளையம் போதும்," என்றாள் டைப்பிஸ்ட். "நாலு பேர் தூக்கிட்டு வந்தா அன்னிக்கே ஃபைலை மூடிடலாம்."

சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போனாள். பலகையைப் பார்த்தாள். உதடு அசைந்தது. விரல்களை மடக்கினாள். மறுபடி முதலிலிருந்து மடக்கினாள்.

"என்ன, கடவுளைக் கூப்பிடறீங்களா?"

"ஏழாம் வாய்ப்பாட்டைக் கூப்பிடறேன் சார். வர மாட்டேங்குது." அவள் திரும்பினாள். "இந்தச் சுரங்கத்துல கடைசியா ரிப்போர்ட் ஆன விபத்து எது?"

"ஒருத்தனுக்கு விரல் நசுங்கினது. போன வருஷம்."

"விபத்து நடந்த அன்னிக்கே அந்த ஃபாரத்தை அடிச்சது நான். அன்னிக்குக் காலையில எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினாங்க. ஒரு கையால கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு ஒரு கையால அடிச்சேன்."

"நீங்க எப்பவுமே ஒரு கையாலதான் அடிப்பீங்க."

"அது வேற விஷயம். எங்க பல் டாக்டர் வர்றது செவ்வாய்க்கிழமை மட்டும். அப்போ விபத்து நடந்தது செவ்வாய்க்கிழமை. அன்னிக்குப் பலகையில சைபர். அடுத்த செவ்வாய் ஏழு. அதுக்கடுத்த செவ்வாய் பதினாலு. செவ்வாய்க்கிழமை எந்த நம்பர் தொங்கினாலும் ஏழால வகுபடணும். இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"நானூத்திப் பத்தொன்பதை ஏழால வகுத்துப் பாருங்க."

மாஜி வகுத்தார். ஐம்பத்தொன்பது. மீதி ஆறு.

"நானூத்தி இருபது தொங்கணும்," என்றார் மெல்ல. "ஒரு நாள் குறையுது."

"நாள் எப்படிக் குறையும்? தினமும் காலையில ஒண்ணு கூட்டறதைத் தவிர அந்தப் பலகைக்கு வேற வேலை கிடையாது."

"இருக்கு. விபத்துன்னா சைபர் மாட்டணும்." மாஜியின் குரலில் வேகம் வந்தது. ரொம்ப நாளாக அவர் குரலில் இல்லாத வேகம். "மாட்டியிருக்காங்க. அப்புறம் மனசு மாறி, சைபரை எடுத்துட்டுப் பழைய நம்பரையே மாட்டியிருக்காங்க. நடுவுல ஒரு நாள் விழுந்துபோச்சு. உங்க வீட்டுக்காரர் செத்த அன்னிக்கு அது விபத்துன்னு இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

டைப்பிஸ்ட் கையைத் தட்டினாள். தையல்காரி தட்டவில்லை.

"இல்லைங்க சார். அன்னிக்கு சைபர் மாட்டல. நான் இங்கயேதான் இருந்தேன்."

அவள் எழுந்து சுவரிலிருந்து ஒரு போட்டோவைக் கழற்றி வந்தாள். சுரங்க வாசல். நாற்பது தொழிலாளர்கள். முன்வரிசையில் இரண்டு பேர் ஒரு துணிப் பதாகையின் இரண்டு முனைகளைப் பிடித்திருந்தார்கள். பதாகையிலும் 400. பின்னால் தெரிந்த பலகையிலும் 400.

"இவரு என் வீட்டுக்காரர். அந்த முனை என் தம்பி. பதாகை நான் தைச்சது. நானூறு நாள் ஆனா தற்காலிக ஆளுங்கள்ல ஒருத்தரை நிரந்தரம் பண்றோம்னு கம்பெனி சொல்லியிருந்துச்சு. என் தம்பிக்குக் கிடைச்சது. வியாழக்கிழமை காலையில இந்தப் போட்டோ. சாயங்காலம் அவரு இல்லை."

மாஜி போட்டோவை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"நானூறாவது நாள் புதன்கிழமை வந்திருக்கணும்."

"புதனுக்குத்தான் பதாகை கேட்டாங்க! வெள்ளிக்கிழமை வந்து சொல்லிட்டுப் போனாங்க. அப்புறம் திங்கட்கிழமை, பலகையில நம்பர் மாட்டுற டைம் கீப்பர் வந்து, அவசரமில்லை, வியாழக்கிழமை போதும்னாரு. எனக்கும் நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்."



"அப்போ நாள் தொலைஞ்சது அவர் சாகுறதுக்கு முன்னாடியே," என்றார் மாஜி. "வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவுலதான் சைபரை மாட்டி எடுத்திருக்காங்க. கூரை ரெண்டு தடவை விழுந்திருக்கு. முதல் தடவை விழுந்ததை மறைச்சிருக்காங்க. மறைக்காம ஒரு போன் பண்ணியிருந்தா கேலரியை அன்னிக்கே மூடியிருப்பாங்க."

தையல்காரி பலகையைப் பார்த்தாள்.

"அவரு உயிரோட இருந்திருப்பாரா?"



*

டைம் கீப்பரின் கூண்டு வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நிற்க ஒரு இடம், உட்கார ஒரு ஸ்டூல், சுவரில் இரண்டு கடிகாரம். ஆள் ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதில் கம்பிக்குப் பதில் நூல்.

"ரெண்டு கடிகாரம் எதுக்குய்யா?" என்றாள் டைப்பிஸ்ட். "ஒண்ணு நேரத்துக்கு, இன்னொண்ணு மேனேஜருக்கா?"

"ஒண்ணு நின்னுபோச்சும்மா. கழட்டச் சொல்லி ஆர்டர் வரல."

மாஜி அவரைப் பார்க்கவில்லை. சுவரில் ஆணிகளில் தொங்கிய உபரித் தகடுகளைப் பார்த்தார். ஒன்பதுகள், ஏழுகள், மூன்றுகள். கடைசி ஆணியில் சைபர்கள். பெரும்பாலான தகடுகளில் கல் தூசி.

"ஐயா, இந்தப் பலகைக்கு மூணு சைபர் எப்போ தேவைப்படும்?"

"விபத்து அன்னிக்கு மட்டும்."

"நானூறுக்கு ரெண்டு சைபர் எடுத்திருப்பீங்க. மூணாவதைத் தொட்டுப் பதிமூணு மாசத்துக்கு மேல ஆகியிருக்கணும். பாருங்க, பக்கத்துல இருக்கிற ஏழு மேல சின்னப் பிள்ளை பேரெழுதலாம், அவ்வளவு தூசி. சைபர் மூணும் துடைச்ச தட்டு மாதிரி இருக்கு."

டைம் கீப்பர் நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"துடைங்க," என்றாள் டைப்பிஸ்ட். "ஆனா நாங்க போக மாட்டோம்."

"நான் கணக்குல தப்பினதே இல்லைம்மா," என்றார் அவர். பயத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது அந்தக் குரலில். "முப்பத்தோரு வருஷம். ஒரே ஒரு நாள்."

"எந்த நாள்?"

"சனிக்கிழமை. ரெண்டாவது ஷிப்ட் முடியற நேரம் கீழேயிருந்து சூப்பர்வைசர் போன் பண்ணாரு. மூணாம் கேலரி கூரை விழுந்துடுச்சு, ஆளெல்லாம் லிஃப்ட்கிட்ட வந்துட்டாங்க, யாருக்கும் ஒண்ணும் இல்லை, நீ சைபரை மாட்டுன்னாரு. மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்கு மேனேஜர் நாலு பேரை வச்சுக் கல்லை அள்ளிட்டாரு. திங்கட்கிழமை காலையில என்கிட்ட வந்து, பழைய நம்பரை மாட்டுங்கன்னாரு."

"மாட்டினீங்க."

"திங்கட்கிழமைன்னா ரெண்டு கூட்டணும் சார். ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு, திங்கட்கிழமைக்கு ஒண்ணு. மேனேஜர் பக்கத்துலயே நின்னாரு. ஒண்ணுதான் கூட்டினேன். மத்தியானம்தான் உறைச்சுது. அதுக்கப்புறம் திருத்தினா எல்லாரும் ஏன்னு கேப்பாங்க."

மாஜி தலையாட்டினார். அறுபது வாரத்தில் நேர்மையான ஒரே தப்பு.

"காலை ஷிப்ட்காரங்க சைபரைப் பார்த்திருப்பாங்களே. ஒண்ணும் கேக்கலையா?"

"கேக்காம? சைபர் தொங்கினா இங்க ஒருத்தனும் லேம்ப் ரூம்ல விளக்கு வாங்கக் கை நீட்ட மாட்டான். தொழிலாளர் பிரதிநிதி வந்து என்ன நடந்துச்சுன்னு வாயால சொன்னாத்தான் இறங்குவான். சட்டத்துல இல்லை. இங்க பழக்கம். அன்னிக்கும் விடியும்போதே, எதிர்க்கடைகூடத் திறக்கல, நாப்பது பேரும் வாசல்ல நின்னாங்க. பிரதிநிதி வந்தாரு. 'ஒண்ணும் நடக்கல, வாங்க'ன்னாரு. போயிட்டாங்க."

"அந்தப் பிரதிநிதி யாரு?"

டைம் கீப்பர் வாயைத் திறந்தார். மாஜியின் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தார். மூடிக்கொண்டார்.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கார்பன் நகலை எடுத்து நீட்டினார். சனிக்கிழமை இரண்டாவது ஷிப்ட் அறிக்கை. 'அபாயகரமான நிகழ்வு: ஏதுமில்லை.' கீழே இரண்டு கையெழுத்து. சூப்பர்வைசர். அடுத்து, தொழிலாளர் பிரதிநிதி.

மாஜி படிப்பதற்குள் ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. தையல்காரி. தெருவைத் தாண்டி அவர்கள் பின்னாலேயே வந்திருக்கிறாள்.

அந்தக் கையெழுத்தை யாரும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. கல்யாணப் பதிவேட்டில் அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த அதே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால்கூட அப்படியே.

"ஞாயித்துக்கிழமை கூப்பிட்டு விட்டாங்க," என்றாள். யாரிடமும் இல்லை, காகிதத்திடம். "சாயங்காலம் வந்தாரு. கை கழுவினாரு. அரை மணி நேரம் கழுவினாரு. சோப்பு தேய்ஞ்சிடும், போதும்னு சத்தம் போட்டேன். 'உன் தம்பி வேலை முடிஞ்சுது'ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான்... நான் சந்தோஷப்பட்டேன் சார். ஆறு மாசமா அவரை நச்சரிச்சது நான்தான். என் தம்பியை நிரந்தரம் பண்ணுங்க, பண்ணுங்கன்னு. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டை வச்சிட்டு எழுந்தே போயிட்டாரு. அப்பவும் விடல."

ஓடாத கடிகாரம் பன்னிரண்டு பத்து காட்டியது. ஓடுகிற கடிகாரமும் அதையே காட்டியது. தற்செயல்தான். ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும்.

*

டைப்பிஸ்ட் பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"மூணாம் கேலரியில கூரை விழுந்ததை மறைச்சிருக்காங்க. இன்னிக்கு ரெண்டு மணிக்கு ஆள் இறக்குறாங்க. நிறுத்தணும்."

"இது நோட்டீஸா, புகாரா?" என்றது மறுமுனைக் குரல்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு தெரியாமலா இருபது வருஷம் உங்க கூட டீ குடிச்சேன்? நோட்டீஸ்னா இப்பவே வேலை நிக்கும். புகார்னா..."

"புகார் பார்க்கிறவர் வெளியூர் போயிருக்கார். வெள்ளிக்கிழமை வருவார். நோட்டீஸ்னா சுரங்கம் நடத்துறவங்க கொடுக்கணும். இல்லாட்டி தொழிலாளர் பிரதிநிதி கொடுக்கணும். நீங்க யாரு?"

"பொதுஜனம்."

"பொதுஜனம் புகார்தான் கொடுக்க முடியும்மா. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். மாஜிக்கும் தெரியும். புகார்கள் வந்து விழும் பெட்டியை அவர் ஏழு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குப் பூட்டு இருந்தது, சாவிதான் எப்போதும் வெளியூர் போயிருக்கும். அதனால்தான் ராஜினாமா.

"பழைய பிரதிநிதி செத்துட்டார்," என்றார் அவர், டைம் கீப்பரைப் பார்த்து. "புதுசா யாரைப் போட்டிருக்கீங்க?"

டைம் கீப்பர் இந்த முறை தயங்கவில்லை. தயங்கி என்ன ஆகப்போகிறது.

"போன வாரம் தேர்ந்தெடுத்தாங்க. இந்தம்மா தம்பியை. பாவம், அவன் மச்சான் இடம்னு எல்லாருமே கை தூக்கினாங்க."

"அப்போ நல்லதுதானே?" என்றாள் டைப்பிஸ்ட். "ஒரு போன். அவனே பண்ணலாம். அவன் உயிரை அவனே காப்பாத்திக்கலாம்."

நல்லதுதான். மாஜிக்கு ஏனோ நல்லதாகப் படவில்லை.

*

ஒன்றே முக்கால். தொழிலாளர்கள் வர ஆரம்பித்தார்கள். தம்பி இருபத்து மூன்று வயது இருப்பான். கையில் தொப்பி. புது பூட்ஸ், இன்னும் மடங்காதது. நிரந்தரம் ஆனவர்களுக்குத்தான் அந்த பூட்ஸ்.

அவன் வாசலுக்கு வருவதற்குள் தையல்காரி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகைக்குக் கீழே போட்டிருந்தாள். ஏறினாள். நாலைக் கழற்றினாள், ஒன்றைக் கழற்றினாள், ஒன்பதைக் கழற்றினாள். மூன்று சைபர்களை மாட்டினாள். டைம் கீப்பர் தடுக்கவில்லை. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லேம்ப் ரூம் ஜன்னலில் நீண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.  நாற்பது பேர் அப்படியே நின்றுவிட்டார்கள். பூட்ஸ் சத்தம்கூட நின்றது.

"அக்கா, இறங்கு," என்றான் தம்பி. "எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். கூரை ஏற்கனவே ஒரு தடவை விழுந்திருக்குடா."

"தெரியும்."

"தெரியுமா?"

"அந்த ஷிப்ட்ல நான் இருந்தேன்." அவன் குரலைத் தாழ்த்தினான். பக்கத்தில் நின்ற மாஜிக்குக் கேட்டது. "சத்தம் கேட்டுச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு."

"அப்போ போன் பண்ணு. நீதான் பிரதிநிதி. இந்தா, இந்தம்மா போன் தருவாங்க. பண்ணுடா."

"பண்ணா முதல்ல யார் பேரு வரும்? மச்சான் பேரு. மறைச்சவன் செத்தான்னு எழுதுவாங்க. கம்பெனியிலேர்ந்து உனக்கு வர வேண்டிய பணம் ஒண்ணும் வராது."

"வராட்டிப் போகட்டும்."

"என் வேலையும் போகும்."

"போகட்டும்டா!"

"இதுக்குத்தானே அவரு கையெழுத்து போட்டாரு? இதுவும் போச்சுன்னா அவரு எதுக்குச் செத்தாரு? சொல்லு."

தையல்காரி ஸ்டூல் மேலேயே நின்றாள். கையில் ஒன்பதாம் எண் தகடு.

"கீழ போய் கூரையைப் பார்த்தியா?" என்று கேட்டார் மாஜி.

தம்பி பூட்ஸைப் பார்த்தான். "காலையில எட்டு மணிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். நல்லா இருக்குன்னு."

"பார்த்தியான்னு கேட்டேன்."

அவன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது மேனேஜர் வந்தார். நடுத்தர வயது. மரியாதையான முகம். தலையில் ஒரு கீறல்கூட விழாத வெள்ளைத் தொப்பி. தையல்காரியைப் பார்த்ததும் அதைக் கழற்றிக்கொண்டார்.

"அம்மா, உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா இது விளையாடற சாமான் இல்லை. எதுக்கு சைபர்?"

மாஜி முன்னால் வந்தார். நாற்பது பேர் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார். துப்பறிகிறவன் வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிஷம் வரும். எல்லாரும் கூடியிருப்பார்கள், முடிச்சு அவன் கையில் இருக்கும். அதற்காகத்தான் அவன் மற்ற நிமிஷங்களைப் பொறுத்துக்கொள்கிறான்.

விரல் நசுங்கிய செவ்வாயைச் சொன்னார். ஏழாம் வாய்ப்பாட்டைச் சொன்னார். வியாழக்கிழமை வந்த நானூறைச் சொன்னார். திங்கட்கிழமை கூட்ட மறந்த ஒன்றைச் சொன்னார். தூசி இல்லாத மூன்றாவது சைபரைச் சொன்னார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒருவன் விரல் மடக்கினான். இன்னொருவன் "ஆமாடா, நானூறு புதன்கிழமைதான் வரணும்," என்றான்.

மேனேஜர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவர் போல.

"அருமை," என்றார். உண்மையாகவே சொன்னார். "இது யாருக்குமே தோணலை, பாருங்க." பிறகு டைம் கீப்பர் பக்கம் திரும்பினார். "ஏன் சார், ஒரு நாள் எப்படிக் குறைஞ்சுது?"

டைம் கீப்பர் நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். பதினொரு மாதம் பாக்கி இருந்த மனிதர்.

"கூட்டல்ல தப்பிட்டேன் சார். வயசாகுது."

"சைபர்?"

"தூசி தட்டும்போது எல்லாத்தையும் துடைச்சேன் சார்."

"ஏழை மட்டும் விட்டுட்டீங்களாக்கும்?" என்றாள் டைப்பிஸ்ட். யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

"உங்க பழக்கத்தை நான் மீறமாட்டேன்," என்றார் மேனேஜர் கூட்டத்தைப் பார்த்து. "பிரதிநிதி சொல்லட்டும். அவர் சொன்னா நானே ஆய்வாளருக்குப் போன் பண்றேன். இப்பவே."

நாற்பது தலைகள் தம்பி பக்கம் திரும்பின. டைப்பிஸ்ட் போனை அவன் பக்கம் நீட்டிக்கொண்டே நின்றாள். கை வலித்திருக்கும். இறக்கவில்லை.

தம்பி அக்காவைப் பார்த்தான். பலகையைப் பார்த்தான். தொப்பியைத் தலையில் வைத்துப் பட்டையை மோவாய்க்குக் கீழே இழுத்துவிட்டான்.

"ஒண்ணும் நடக்கல," என்றான். "வாங்க."

டைம் கீப்பர் கண்ணை மூடிக்கொண்டார். அதே இடம். அதே வார்த்தை. குரல்கூட ஒரே வீட்டுக் குரல் மாதிரிதான் இருந்தது.

கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை. பிறகு லேம்ப் ரூம் ஜன்னலில் ஒரு கை நீண்டது. பிறகு இன்னொன்று. விளக்குகள் வரிசையாக வெளியே வந்தன. லிஃப்டின் இரும்புக் கதவு மூடும் சத்தம் கேட்டது. மேனேஜர் தையல்காரிக்குக் கை கொடுத்து ஸ்டூலிலிருந்து இறக்கிவிட்டார். அவள் கையிலிருந்த ஒன்பதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னீங்க," என்றார் மாஜியிடம். "எங்களுக்கு ரெக்கார்டு சுத்தமா இருக்கணும். தப்பா ஒரு நம்பர் தொங்கினா எவ்வளவு கேவலம்." ஒன்பதை டைம் கீப்பரிடம் கொடுத்தார். "இது வேண்டாம். சரியானதை மாட்டுங்க."

டைம் கீப்பர் ஸ்டூலில் ஏறினார். சைபர்களில் இரண்டைக் கழற்றினார். ஒரு நாலு, ஒரு இரண்டு. மூன்றாவது கொக்கியில் இருந்த சைபரை மட்டும் கழற்றத் தேவைப்படவில்லை.

மாஜி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். உலகத்தில் இந்த வழக்குக்கு இருந்தது ஒரே ஒரு தடயம். ஒரு நம்பர் குறைவு. அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. எடுத்துக் கொடுக்க ஐந்து நிமிஷம்.

"சார்," என்றாள் டைப்பிஸ்ட். போனைப் பையில் போட்டாள். "வெள்ளிக்கிழமைக்குப் புகார் அடிக்கட்டுமா?"

"அடிங்க."

"எந்தத் தேதி போட?"

அவர் தெருவைப் பார்த்துத் திரும்பினார். தெருவின் எதிர்ப்பக்கம் தையல்காரி கடைக்குள் போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஊசியில் நூல் இல்லை. கால் மட்டும் மிதித்தது. மாஜி வாசற்படியில் போய் நின்றார்.  அவள் திரும்பாமல் கேட்டாள்.

"ஷிப்ட் எப்போ முடியும் சார்?"

"பத்து மணிக்கு."

"இன்னும் எட்டு மணி நேரம் இருக்கு."

"ஆமா."

அவள் ஜன்னல் வழியாகப் பலகையைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை. நானூற்று இருபது. இப்போது ஏழால் வகுத்தால் மீதி எதுவும் இல்லை.